அரை ஸ்வரம் கீழே

லண்டன்,
9 பிப்ரவரி 1974

மதிப்புக்குரிய ஹெல்மா லாங்க்ஹான்ஸ் அவர்களுக்கு,

நலம். தாங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவர் பொருளை எடுத்துக்கொண்டவர்களுக்கு உடம்பு எப்போதும் நன்றாகவே இருக்கிறது.

கூடப் பிறந்தவளை "நீ" என்று எழுதக் கை வராத அளவுக்குக் கோபம். ஆனால் இரண்டு வரிக்கு மேல் உனக்கு மரியாதை கொடுக்கவும் கை வரவில்லை. ஆகவே நீயே.

போன சனிக்கிழமை வயலின் வில்லில் தேய்க்கும் ரோஜனப் பிசின் வாங்க இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். மேற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் கம்பெனி ஒன்றின் அறிவிப்பை ஜன்னலில் ஒட்டியிருந்தார்கள். லைப்சிக் தேவாலயத்தில் 1961இல் பதிவு செய்தது. பேத்தோவன், மெண்டல்சோன், பிராம்ஸ், மூவரின் வயலின் கான்செர்ட்டோக்களும் ஒரே பெட்டியில். கீழே கொட்டை எழுத்தில், வயலின்: ஹெல்மா லாங்க்ஹான்ஸ்.

"உங்க பேரும் லாங்க்ஹான்ஸ்தானே? சொந்தமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"அக்கா."

"பெருமையா இருக்குமே."

ரோஜனத்தை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அந்த மூன்றிலும் குழுவுக்கு முன்னால் நின்று தனி வயலின் வாசித்தவள் நான். நீ அப்போது எனக்குப் பின்னால் குழுவில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாய். அந்த ஜூலையில் ஒரு கைப்பையோடு கிழக்கு பெர்லினில் ரயிலேறி மேற்கு பெர்லினில் இறங்கினேன். வயலினோடு போனால் பிடித்துவிடுவார்கள் என்று அதை உன் அறையிலேயே விட்டுப் போனேன். வயலின் உன்னோடு போகட்டும் என்று இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது பெயரும் வேண்டுமா உனக்கு?

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை. நானே சொல்கிறேன். பெண்கள் பள்ளியில் வயலின் வகுப்பு. கிறிஸ்துமஸ் சமயத்தில் நாடகக் கொட்டகையில், மேடைக்குக் கீழே இருட்டில் உட்கார்ந்து வாசிப்பு. லண்டனில் யாரும் என்னைத் தனி மேடைக்குக் கூப்பிடவில்லை. நான் ஒரு காலத்தில் யாராக இருந்தேன் என்பதற்கு அந்தத் தட்டுகளைத் தவிர எனக்கு ஒன்றும் இல்லை. ஹாம்பர்க்குக்கு எழுதி உன் பெயரை எடுக்கச் சொல்.

இடையில் இதைப் பிரித்துப் படிக்கும் உங்கள் ஊர் அதிகாரிக்கும் என் வணக்கம்.

தங்கை என்று போட மனமில்லாத,
ரோஸ்விதா


லைப்சிக்,
3 மார்ச் 1974

ரோஸ்விதா,

நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் நலம். மூட்டு வலி, கரிப்புகை இருமல், ஐம்பத்தைந்து வயதுக்கு உரியதெல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டன. உன் விரல்கள் எப்படி இருக்கின்றன? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் குட்டுவதற்காவது உதவுகின்றனவா?

கடிதத்தைப் பிரிப்பவருக்கு நீ அங்கிருந்து வணக்கம் வைக்கலாம். பதில் சொல்ல வேண்டியவள் இங்கே நான். இந்த வேடிக்கையெல்லாம் இனி வேண்டாம்.

உன் பெயரை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது நீ போன வாரமே போய்விட்டது. சுவரொட்டிகளில் இருந்தெல்லாம் உன் பெயரைக் கிழித்தார்கள். தட்டு வெளிவந்தபோது அட்டையில் தேவாலயத்தின் படமும் குழுவின் பெயரும் மட்டும்தான் இருந்தன. வயலின் யார் என்று ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருடமாக அது தானாகவே வாசித்துக்கொண்டிருந்தது. பெயரே இல்லாதபோது உனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. என் பெயர் வந்ததும் வலிக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். இங்கே பதிவுக் கம்பெனி ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். உட்காரச் சொல்லாமலே ஒருவர் ஆரம்பித்தார்.

"ஃப்ராவ் லாங்க்ஹான்ஸ், பேர் இல்லாம ஹாம்பர்க்காரங்க வாங்க மாட்டேங்கறாங்க. உங்க பேரைப் போடறோம்."

"முழுசும் நான் வாசிக்கலையே."

"அதை யாரு கேட்டா? ஓடிப்போனவ பேரைப் போட முடியாது. நீங்க சரின்னா தட்டு வரும். இல்லேன்னா பதிவு நாடா பழையபடி அலமாரிக்குப் போயிடும்."

சரி என்றேன். ஏன் என்று உன்னிடம் விளக்கம் சொல்ல நான் கடமைப்பட்டவள் இல்லை.

நீ போனதற்கு இங்கே யார் விலை கொடுத்தார்கள் என்று யோசித்திருக்கிறாயா? முதல் வயலின் வரிசையில் இருந்தவளை இரண்டாம் வயலினின் கடைசி நாற்காலிக்குத் தள்ளினார்கள். கதவுக்குப் பக்கத்தில். இன்றுவரை அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், யார் உள்ளே வந்தாலும் என் முதுகில்தான் குளிர் காற்று. அம்மாவைப் புதைத்த அன்றும் நான் தனியாகத்தான் நின்றேன். உன் மலர்வளையம் மறுநாள் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பும் காபித்தூளை மாடிவீட்டு ஃப்ராவ் லெம்கேவுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவளுக்குப் பிடித்திருக்கிறதாம்.

ஹெல்மா


லண்டன்,
17 மார்ச் 1974

ஹெல்மா,

உன் இருமலுக்குத் தேன் சாப்பிடு. இதோடு விசாரிப்பு முடிந்தது.

அம்மாவின் சாவுக்கு வந்திருந்தால் குழியிலிருந்து நேராகச் சிறைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அது உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறாய் பார், அதுதான் நீ.

"முழுசும் நான் வாசிக்கலையே" என்று சொன்னாயாம். ஒரு வரிகூட வாசிக்காதவள் பேசுகிற பேச்சா அது? அந்த ஆபீஸ்காரனிடமும் அரைகுறையாகத்தான் பேசியிருக்கிறாய். நீ எழுத மாட்டாய் என்று தெரிந்ததால் ஹாம்பர்க்குக்கு நானே எழுதிவிட்டேன். அங்கே இந்த விவகாரத்தைப் பார்ப்பவர் டெட்லெஃப்சென் என்று ஒரு வக்கீல். சாட்சி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். என்ன சாட்சி என்று உனக்கும் சொல்லிவிடுகிறேன், முதுகில் குத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

அப்பாவின் தனிவாசிப்பு. பேத்தோவனின் முதல் பகுதி முடியப்போகும் நேரத்தில் குழு முழுவதும் நிறுத்திக்கொள்ள, வயலின் மட்டும் தனியே பேசும் இடம். அந்த இடத்தில் வயலின்காரர்கள் அவரவருக்குப் பிடித்ததை வாசிக்கிறார்கள். பதிவில் நான் வாசித்தது அப்பா எழுதியது. அது அச்சேறியதே இல்லை. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே நீயும் நானும்தான்.

அப்படியானால் அது நீயாக இருக்கக்கூடாதா என்று வக்கீல் கேட்பார். அதற்கும் பதில் எழுதியிருக்கிறேன். உச்சிக்கு ஏறி நிற்கும் அந்த நீண்ட ஸ்வரத்தை நீ எப்போதும் ஹா என்று நம் ஊரில் சொல்லும் ஸ்வரமாக வாசிப்பாய். நான் பே வாசிப்பேன், அரை ஸ்வரம் கீழே. இதற்காகச் சமையலறையில் நாம் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? அப்பா ஒரு நாள் அப்படி வாசிப்பார், ஒரு நாள் இப்படி.

"எதுப்பா சரி?" என்று கேட்டோம்.

"இன்னிக்கு எது நல்லா இருக்கோ அது."

அதற்குமேல் சொல்லாமல் போருக்குப் போனார், திரும்பவில்லை. நீ ஹாவைப் பிடித்துக்கொண்டாய், நான் பே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் ஒரு தடவைகூட ஹா வாசித்ததில்லை. நாடாவைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள், பே இருந்தால் அது நான், ஹா இருந்தால் அவள் என்று எழுதிவிட்டேன். இனி நீ என்ன சொன்னாலும் நடக்காது.

ரோஸ்விதா


லைப்சிக்,
2 மே 1974
(தபால் அட்டை)

ரோஸ்விதா,

தேன் சாப்பிட்டேன். இருமல் போகவில்லை.

டெட்லெஃப்சென் எனக்கும் எழுதினார். உங்கள் அப்பாவின் தனிவாசிப்பில் நீங்கள் எந்த ஸ்வரம் வாசிப்பீர்கள் என்று கேட்டார். ஹா என்று பதில் எழுதினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நானும் வேறொன்றும் எழுதவில்லை.

ஹெல்மா


லண்டன்,
21 மே 1974

ஹெல்மா,

நான் நலமாக இல்லை. வயிறு எரிகிறது, தூக்கம் இல்லை. நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று அந்த அட்டையைப் பார்த்தாலே தெரிகிறது.

ஹாம்பர்க்கிலிருந்து பதில் வந்துவிட்டது. பியானோ வாத்தியார் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாடாவைக் கேட்டார்களாம். அந்த இடத்தில் இருப்பது ஹா. சந்தேகமே இல்லையாம். "தங்களுடைய அளவுகோலின்படியே பார்த்தாலும் வாசித்தவர் தங்கள் சகோதரி" என்று எழுதியிருக்கிறார்.

ஹெல்மா, நான் பே வாசித்தேன். அந்தத் தேவாலயத்தில், ஏப்ரல் மாதம், கை விறைக்கும் குளிரில், பே வாசித்தேன். அது என் காதில் இன்னும் இருக்கிறது. நாடா பழசாகிச் சுருதி ஏறிவிட்டதா, அந்தப் பியானோ வாத்தியார் செவிடா, எனக்குப் புரியவில்லை.

ஆனால் வக்கீல் நல்ல மனுஷன். கடிதத்தின் கடைசியில் எனக்கு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறார். நம் ஊரில் பே என்று படிக்கும் எழுத்தை இங்கிலாந்தில் பீ என்று படிக்கிறார்கள். இவர்களிடம் அந்த எழுத்து குறிக்கும் ஸ்வரம் நம்முடைய ஹா. நான் இங்கே இத்தனை வருடம் இருப்பதால், பழக்கதோஷத்தில் இங்கிலாந்து முறையில் எழுதிவிட்டேனோ என்று கேட்கிறார். "ஆம், இங்கிலாந்து எழுத்தைத்தான் குறிப்பிட்டேன், இருவரின் ஸ்வரத்தையும் மாற்றி எழுதிவிட்டேன்" என்று ஜூன் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், லைப்சிக்காரர்கள் என்ன சொன்னாலும் என் பெயரைப் போட்டுவிடுவாராம். வாசித்த விவரங்களையெல்லாம் நான் சொன்ன விதத்தில் அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்திருக்கிறது.

எங்கள் பள்ளியில் பியானோ சொல்லித்தரும் மிஸ் ஹார்கிரீவிடம் கடிதத்தைக் காட்டினேன்.

"போட்டுடுங்க ரோஸ்விதா. ஒரே ஒரு எழுத்து. வாசிச்சது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்புறம் என்ன யோசனை? பொய் சொல்லி உண்மையை வாங்கறீங்க, அவ்வளவுதான்."

ஒரு பிரதியை அனுப்பிவைக்கும்படி அவரைக் கேட்டிருக்கிறேன். நான் வாசித்த தட்டை நானே இதுவரை கேட்டதில்லை, தெரியுமா உனக்கு? அது வெளிவந்தபோது நான் அகதி விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு தேடி வாங்கும் தைரியம் வரவில்லை. இப்போது கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடப்போகிறேன். ஏதாவது சொல்வதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

ரோஸ்விதா


லைப்சிக்,
8 ஜூன் 1974

ரோஸ்விதா,

வயிற்றெரிச்சலுக்குப் பால் குடி. நான் தூங்குவது பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது.

கையெழுத்துப் போடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இங்கிலாந்து போய் ஹா எது, பே எது என்று மறந்துவிட்டதாக எழுது, யாரும் நம்பாமல் இருக்க மாட்டார்கள். எதையெதையோ மறந்தவள்தானே. சொந்த ஊர்ப் பாஷையில் எழுத்து மறந்துபோவது பெரிய விஷயம் இல்லை. அன்றைக்குக் குளிரில் உன் விரல் அரை ஸ்வரம் மேலே வழுக்கியிருக்கும். பதின்மூன்று வருடம் கழித்து அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

தட்டைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பழைய பதிவு, இரைச்சல் ஜாஸ்தி. கேட்டால் உனக்கு அழுகைதான் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்.

பெயரை எடுத்துக்கொள். எனக்கு அது வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஹெல்மா


லண்டன்,
27 ஜூன் 1974

ஹெல்மா,

இன்று நலமும் இல்லை, விசாரிப்பும் இல்லை.

கேட்கவேண்டாம் என்று நீ எழுதியதால்தான் அதே நாள் கேட்டேன். நீ எதையாவது செய்யாதே என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டவள் நான்.

பள்ளிக்கூடத்து கிராமபோனில் போட்டேன். பிள்ளைகள் எல்லோரும் ஹாக்கி விளையாடப் போயிருந்தார்கள். முதலில் குழு, பிறகு நான். ஹெல்மா, நான் எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறேன். எனக்கே தெரியாது. அந்தப் பெண்ணிடம் எனக்கு எவ்வளவு மரியாதை வந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரி.

பிறகு குழு நின்றது. தனிவாசிப்பு ஆரம்பித்தது. நாலு வரிகூட ஆகவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது. ஹாவுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வில்லைத் திருப்புவதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு விடுவாயே, அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு வருடக்கணக்கில் கேட்ட மூச்சு, அது தட்டில் இருக்கிறது. அப்புறம் ஹாவும் வந்தது. வயலின் என்னுடையது, கை உன்னுடையது.

வக்கீலும் செவிடு இல்லை, பியானோ வாத்தியாரும் செவிடு இல்லை. என் விரலும் வழுக்கவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே, எழுத்து மறந்துவிட்டது என்று எனக்கு எழுதியிருக்கிறாய்.

என்ன நடந்தது? என் வாசிப்பை எங்கே தூக்கிப் போட்டாய்? நான் ரயிலேறியதும் என் வயலினை எடுத்துக்கொண்டுபோய், என் தட்டின் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டாயா?

ஹாம்பர்க்குக்கு எழுதிவிட்டேன். "நான் குறிப்பிட்டது லைப்சிக் எழுத்துதான். நான் வாசிப்பது பே. தட்டில் வாசிப்பவள் நான் இல்லை." அவ்வளவுதான் எழுதினேன். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் பாசம் என்று நினைத்துவிடாதே. நீ வாசித்ததற்கு யாராவது என்னைப் பாராட்டி, நான் தலையாட்டிக்கொண்டு நிற்பதா? அந்தப் பிச்சை எனக்கு வேண்டாம். முழுப் பெட்டியையும் நீயே வைத்துக்கொள்.

ரோஸ்விதா


லைப்சிக்,
21 ஜூலை 1974

முட்டாளே,

சௌக்கியமாக இரு. வேறென்ன சொல்வது உன்னை?

என்ன நடந்தது என்று இப்போது கேட்கிறாய். பிப்ரவரியிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, திட்டினாய். திட்டுகிறவளுக்கு விளக்கம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை, உனக்கும் இல்லை. நாம் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

டிராம் வண்டிதான் காரணம். தேவாலயத்துக்கு வெளியே திருப்பத்தில் கிரீச்சிடுமே, அதுதான். குழு வாசிக்கும்போது அது அடங்கிவிட்டது. நீ தனியாக வாசித்த இடத்தில் அப்படியே பதிந்துவிட்டது. உன் பே ஸ்வரத்தின்மேல் நேராக ஏறிப் போயிருந்தது. அந்தத் துண்டை மட்டும் விடுமுறை முடிந்து உன்னிடம் சொல்லித் திரும்பப் பதிவு செய்யலாம் என்று வைத்திருந்தார்கள். விடுமுறை முடிந்தபோது நீ இல்லை.

நாடா முழுவதையும் அழித்துவிட்டு வேறு பதிவுக்குப் பயன்படுத்தலாம் என்று பேச்சு வந்தது. ஒலிப்பதிவாளர் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குக் காபி என்று சிக்கரித் தண்ணீரைக் கொடுத்தாள்.

"ஹெல்மா, அந்தத் தனிவாசிப்பு உங்களுக்கும் தெரியுமாமே."

"தெரியும்."

"அவ வயலின் இங்கதான் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ஒரு மணி நேரம் வந்து வாசிச்சுட்டுப் போங்க. இல்லேன்னா மூணு கான்செர்ட்டோவும் போச்சு. நாளைக்கு அழிச்சுடுவாங்க."

போனேன். காலி தேவாலயத்தில், ஒலிப்பதிவாளரும் நானும் மட்டும். நீ எங்களை விட்டுப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உன் வாசிப்பு அழிந்துபோகக் கூடாது என்று வாசித்தேன், கூடவே உன்னைச் சபித்துக்கொண்டும் வாசித்தேன். உன்னை மாதிரி பே வாசித்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வாசிக்க முடியவில்லை. அந்த ஒரு இடத்தில் நான் உனக்குப் பணிய மாட்டேன் என்று தோன்றியது. அதே வாரம் என்னைக் கடைசி நாற்காலிக்கு அனுப்பினார்கள்.

ஆபீசில் நான் சரி என்று சொன்னதற்கும் அதேதான் காரணம். இல்லையென்றால் நாடா அலமாரிக்குப் போய்விடும். அலமாரியில் எலி இருக்கிறது.

போகட்டும், இப்போது நீ செய்த காரியத்துக்கு வருவோம். உன் கடிதம் வந்ததுமே டெட்லெஃப்சென்னுக்கு எழுதினேன். அந்தத் தனிவாசிப்பு மட்டும்தான் என்னுடையது, மற்றதெல்லாம் என் தங்கை வாசித்தது, இருவர் பெயரையும் போடுங்கள் என்று. பதில் வந்தது. தட்டில் வாசித்தது தான் இல்லை என்று தங்கையே எழுத்துமூலம் கொடுத்திருக்கிறாராம். விட்டுக்கொடுப்பதில் அக்கா தங்கை இருவரும் போட்டி போடுகிறீர்களாம். உங்கள் குடும்பமே தன்னடக்கமான குடும்பம் என்று மெச்சியிருக்கிறார். அட்டை அச்சுக்குப் போய்விட்டதாம்.

பிச்சை வேண்டாம் என்று எழுதினாய். எனக்கு மட்டும் வேண்டுமா? இனி ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு உன் வாசிப்பைப் புகழ்வார்கள். நான் என்ன சொல்வேன்? நீ விட்டுக்கொடுத்ததாக எல்லோரும் நினைக்கலாம். எனக்குத் தெரியும், என்னைப் பழிவாங்கத்தான் செய்தாய். நன்றாகவே பழிவாங்கிவிட்டாய்.

ஹெல்மா


லைப்சிக்,
30 நவம்பர் 1974

ரோஸ்விதா,

நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உயிரோடு இருக்கிறாய் என்று நினைத்து எழுதுகிறேன். நான் இருக்கிறேன்.

தட்டு வந்துவிட்டது. அழகான பெட்டி. என் பெயர் தேவாலயத்தின் கோபுரத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. குழுவின் மேலாளர் எல்லோருக்கும் முன்னால் என் கையைக் குலுக்கினார். "இவ்ளோ திறமையை வெச்சுக்கிட்டு கதவுப்பக்கம் உட்கார்ந்திருந்தீங்களே ஃப்ராவ் லாங்க்ஹான்ஸ், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். என்னை அங்கே உட்காரவைத்ததே இவர்தான். நன்றி என்றேன். இப்போதெல்லாம் நாள் முழுக்க நன்றி சொல்வதுதான் என் வேலை. பிராம்ஸுக்கு நன்றி, மெண்டல்சோனுக்கு நன்றி. ஃப்ராவ் லெம்கே படியிலேயே நிறுத்தி, "மெதுவா போகுமே அந்த ரெண்டாவது பாகம், அதைக் கேட்டு நான் அழுதுட்டேன்" என்றாள். நானும் அதைக் கேட்டுத்தான் அழுதேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நீ அப்படி வாசித்திருக்கிறாய்.

ஹாம்பர்க் பத்திரிகை ஒன்றில் பெரிதாக மதிப்புரை வந்திருக்கிறது. ஆபீசில் கொடுத்தார்கள். ஒரு பத்தியை மட்டும் உனக்குப் பார்த்து எழுதுகிறேன். "இந்தப் பெண்மணியை இத்தனை காலம் நாம் அறியாமல் இருந்தது வெட்கம். மூன்று கான்செர்ட்டோக்களிலும் ஒரு குறை சொல்வதற்கில்லை. பேத்தோவனின் தனிவாசிப்பில் மட்டும் ஏனோ கை இறுகிவிடுகிறது. அந்தச் சில நிமிடங்கள் யாரோ ஒரு குழு வாத்தியக்காரர் வாசிப்பது போல் இருக்கின்றன. ஹெல்மா லாங்க்ஹான்ஸ் அன்று களைத்திருக்க வேண்டும்."

என் பெயர் போட்ட அந்தப் பெட்டிக்குள் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். இதை யாரிடமும் சொல்லி அழ முடியாது. நீ ஒருத்திதான் பாக்கி. சந்தோஷமாகச் சிரித்துக்கொள். உனக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஹெல்மா


லண்டன்,
12 டிசம்பர் 1974

அக்கா,

சிரித்தேன். மறைக்கவில்லை. நாடகக் கொட்டகைக்குப் போகும் பஸ்ஸில் உன் கடிதத்தைப் பிரித்து, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போகும் அளவுக்குச் சிரித்தேன். அன்று இரவு என் பங்கில் இரண்டு இடங்களில் தப்பும் செய்தேன்.

மறுநாள் அந்தத் தட்டை மறுபடியும் போட்டேன். அந்த மதிப்புரைக்காரன் சொல்வது சரியாக இருக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? கை இறுகியிருக்கிறதா என்று தேடித் தேடிக் கேட்டேன். இறுகித்தான் இருக்கிறது. சபித்துக்கொண்டே வாசித்ததாக எழுதியிருந்தாயே, அது அப்படியே கேட்கிறது. மற்ற இடங்களிலெல்லாம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு பெண் நன்றாக வாசிக்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு அதுவரை எதுவும் நேர்ந்திருக்கவில்லை. அந்தச் சில நிமிடங்களில் மட்டும் யாருக்கோ என்னவோ நேர்ந்திருக்கிறது. எனக்குப் புரிந்தவரை அப்பா எழுதியது அதைத்தான்.

அந்த ஆளுக்கு எழுதினேன். "நான் வயலின்காரி. அந்தத் தனிவாசிப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தட்டில் இருப்பதுபோல் ஒரு நாளும் எனக்கு வாசிக்க வந்ததில்லை. உங்களுக்குக் காது போதாது." என் முழுப் பெயரையும் போட்டேன். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதைப் பார்த்ததும், அக்காவுக்காகத் தங்கை பரிந்து பேசுகிறாள் என்று குப்பையில் போட்டுவிடுவான். அப்படிப் பேசுகிறவளா நான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் நான் வாசித்த மூன்று தட்டுகளையும் உன் பெயருக்கு எழுதிக்கொடுத்த அன்றுகூட எனக்கு இவ்வளவு பொறாமையாக இருக்கவில்லை. நீ வாசித்த அந்தச் சில நிமிடங்கள்மேல்தான் பொறாமை. அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

ரோஸ்விதா